மலையில் படி வெட்டும் முன் ஒரு குழி வெட்டுங்க

ஜவ்வாது மலைக்கு பைக்ல போனவங்க நம்ம கல்லூரியிலும் நிறைய பேர் இருப்பீங்க. ஜமுனாமரத்தூர் பக்கம் சரிவுகளில் சாமை வயலைக் கவனிச்சீங்களா? அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு சாமை ஒரு முக்கியமான பயிர். அந்தச் சரிவைப் பார்த்ததும், "ஜேசிபி வெச்சு படிப்படியா வெட்டிட்டா மண் அரிப்பு நின்னுடுமே" என்று நமக்குத் தோணும். அது பாதி சரி.

முதல்ல சரியான பாதி. மழைத்தண்ணி தடையில்லாம எவ்வளவு தூரம் ஓடுதோ, அவ்வளவு வேகம் பிடிச்சு மேல்மண்ணை அள்ளிக்கிட்டுப் போகும். மண் இழப்பைக் கணிக்கும் யு.எஸ்.எல்.இ. சமன்பாட்டின்படி, 5 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள நிலத்தில் ஒரு ஹெக்டேருக்கான இழப்பு, சரிவு நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். 100 மீட்டர் சரிவை வரப்பு போட்டு நாலு 25 மீட்டர் துண்டாக்கினாலே இழப்பு பாதியாகிடும். படி வெட்டினால் சரிவே மட்டமாகிறது. இழப்பு இன்னும் குறையும், தண்ணியும் நின்னு உள்ளே இறங்கும். கொடைக்கானல் பூம்பாறையின் பூண்டு வயல்கள் இப்படி அமைந்தவைதான்.

இப்போ மீதிப் பாதி. படியின் சுவர் 45 டிகிரி சாய்ந்த மண் சுவர் என்றால்:

படி உயரம் = அகலம் × சரிவு ÷ (100 − சரிவு)

சரிவு 20 சதவீதம், படி அகலம் 5 மீட்டர் என்று வைங்க. உயரம் 1.25 மீட்டர் வரும். மேல்பக்கம் வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்புவதால், உள் ஓரத்தில் வெட்டின் ஆழம் சுமார் 50 சென்டிமீட்டர். அந்த இடத்தில் மண்ணே 40 சென்டிமீட்டர்தான் இருந்தால்? நீங்க வெட்டுறது பாறையை!

மண் ஆழமா இருந்தாலும் சிக்கல் உண்டு. மட்கும் சத்தும் அதிகம் இருப்பது மேல் ஒரு சாண் மண்ணில். வெட்டும்போது அது கீழ்ப்பக்கம் போய்ச் சேரும், மேல்பக்கம் அடிமண் வெளியே வரும். அதனால் முதல் சில வருஷம் ஒரே படியில் வெளி ஓரம் பயிர் செழிப்பா, உள் ஓரம் குட்டையா வெளுத்து நிக்கும். மேலும் மேலே சொன்ன கணக்கில் 20 சதவீத நிலம் சுவருக்கே போயிடும். சாமையை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு இது வெறும் "டிசைன் லாஸ்" இல்லை, அடுத்த அறுவடை வரைக்குமான சாப்பாடு.

அப்போ என்ன செய்யலாம்?

1. முதல்ல குழி தோண்டி மண் ஆழம் பாருங்க. வயலில் நாலைந்து இடத்திலாவது தோண்டணும். படி அகலத்தை முடிவு செய்ய வேண்டியது அந்த ஆழம்தான்.

2. ஆழம் இருந்தால், மேல்மண்ணைத் தனியா ஒதுக்கி வைங்க. படி வெட்டிய பிறகு அதைத் திரும்பப் பரப்புங்க. கீழிருந்து மேலே வெட்டிக்கிட்டு போனால், மேல் படியின் மேல்மண்ணைக் கீழ் படியில் போடுவது சுலபம். உள் ஓரத்துக்கு தொழுவுரம் கூடுதலா வேணும்.

3. ஆழம் இல்லையென்றால் வெட்டவே வேண்டாம். வயலில் கிடக்கும் கல்லையே பொறுக்கி, சம உயரக் கோட்டில் கல் வரப்பு போடுங்க. சரிவுக்குக் குறுக்கே உழுதால், வரும் மண் வரப்பின் பின்னால் தங்கி, வருஷா வருஷம் படி தானா உருவாகும். சம உயரக் கோடு போட மேஸ்திரிகளின் ட்யூப் லெவலே போதும்.

4. உபரித் தண்ணி இறங்க வடிகால் விடுங்க. இல்லேன்னா ஒரு பெருமழையில் சுவர் உடையும். மேல் படி உடைஞ்சா கீழே உள்ள படிகளையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும்.

என்.எஸ்.எஸ். முகாமுக்கோ ப்ராஜெக்ட்டுக்கோ மலைக்குப் போறீங்களா? டோட்டல் ஸ்டேஷனோடு ஒரு கடப்பாரையும் எடுத்துக்கோங்க. எந்த இடத்தில் பயிர் முதல்ல வாடும்னு வயல்காரரிடம் கேளுங்க. மண் ஆழம் குறைவான இடம் பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். முதல் குழியை அங்கேயே தோண்டுங்க.