டைமிங் பெல்ட் வாங்கப் புறப்படுமுன்

தில்லியின் ஓக்லாவிலும் நாராயணாவிலும் சிறு பட்டறை நடத்தும் வாடிக்கையாளர்கள் பலர். அவர்களுடைய இயந்திரங்கள் பலவற்றில் மோட்டாரின் சுழற்சியைப் பிசகாமல் தண்டுக்குக் கொண்டுசெல்வது பல் வைத்த டைமிங் பெல்ட். அது அறுந்தால் இயந்திரம் நிற்கும். கடன் தவணை நிற்பதில்லை. ஆகவே, சரியான மாற்றுப் பெல்ட்டை முதல் முறையிலேயே வாங்கும் வழியைக் காண்போம்.

முதலில் பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள குறியீட்டைப் படிப்போம். ‘450-5எம்-15’ என்றிருந்தால், சுற்றளவு 450 மி.மீ.; ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடுவரை உள்ள பல்லிடைத் தூரம் 5 மி.மீ.; அகலம் 15 மி.மீ. 450ஐ 5ஆல் வகுத்தால் பற்கள் 90.

எழுத்து அழிந்திருந்தால் பற்களை எண்ணலாம். பெல்ட் சிதைந்து போயிருந்தால் புல்லிகளை அளக்க வேண்டும். இரு புல்லிகளுக்கும் பல் எண்ணிக்கை ஒன்றே எனில், மையங்களுக்கு இடையேயான தூரத்தை இரட்டிக்கவும். ஒரு புல்லியின் பல் எண்ணிக்கையைப் பல்லிடைத் தூரத்தால் பெருக்கி அதனுடன் கூட்டவும். மையத் தூரம் 175 மி.மீ., பற்கள் 20, பல்லிடைத் தூரம் 5 மி.மீ. எனில், 350 + 100 = 450 மி.மீ.

பலர் தவறுவது பல்லின் வகையில்தான். ‘டி5’ பெல்ட்டின் பல்லிடைத் தூரம் 5 மி.மீ.; ‘எக்ஸ்எல்’ பெல்ட்டுக்கு 5.08 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 90 பற்களில் வேறுபாடு 7.2 மி.மீ., அதாவது ஒரு பல்லுக்கும் மேல். மாற்றிப் போட்டால் பற்கள் புல்லியில் சரியாகப் பதியாமல் விரைவில் தேயும். எனவே 20 பல்லிடைகளைச் சேர்த்து அளப்போம்: 100 மி.மீ. என்றால் டி5, 101.6 என்றால் எக்ஸ்எல். இவ்விரண்டின் பல்லும் சரிந்த பக்கங்களுடன் தட்டையான முனை கொண்டது. ‘எச்டிடி 5எம்’ பெல்ட்டின் பல்லோ வளைந்தது.

இவ்விவரங்களோடு பழைய பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு, அஜ்மேரி கேட் அருகே சிரத்தானந்த் மார்கிலுள்ள இயந்திர உதிரிபாகக் கடைகளுக்குச் செல்லலாம். இரண்டாக வாங்கி, ரசீது பெறுவது நலம். கூடுதல் பெல்ட்டை மடிக்காமல், வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

இயந்திரம் நன்றாக ஓடும்போதே வகை, பல்லிடைத் தூரம், பல் எண்ணிக்கை, அகலம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி அதன் மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைப்போம்.