ஒலிபெருக்கியின் ரீங்காரம்

சுவரை வைத்துக்கொண்டே சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. ஒலிபெருக்கியைத் தம் கையாலேயே அமைக்கும் மாணாக்கர் பலர் இம்மொழியை மறந்துவிடுகின்றனர். பாட்டையும் பேச்சையும் பெருக்கும் பகுதியில் அவர்கள் செலுத்தும் சிரத்தையில் காற்பங்கும், அப்பகுதிக்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளையில் செலுத்துவதில்லை. அதனால் நேரும் இடுக்கணையும், அதனைத் தீர்க்கும் முறையையும், யாம் நேரிற் கண்ட ஒன்றைக்கொண்டு விளக்குவாம்.

தென்காசிக்கு அணித்தாயுள்ள சுந்தரபாண்டியபுரத்தைச் சூரியகாந்தி வயல்களால் அறிந்தோர் பலர். குற்றாலச் சாரல் வீசும் ஆடி மாதத்தில் அவ்வூரிலுள்ள எம் மாணாக்கர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய பாட்டனாருக்குச் செவிப்புலன் மிகக் குறைவு. வானொலிச் செய்தி கேட்பதொன்றே அம்முதியவரின் பொழுதுபோக்கு. அதன்பொருட்டே பேரர் ஒரு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்திருந்தார். சில நாள் நன்கு பேசிய அது, பின்னர் வண்டுபோல் முரலத் தொடங்கிற்று. சொற்கள் அம்முரலில் மூழ்கின. “தாத்தா இப்போது கேட்பதையே விட்டுவிட்டார், ஐயா” என்றார் மாணாக்கர்.

பெட்டியைத் திறந்தவுடன் எம் நெஞ்சம் திடுக்கிட்டது. இருமுறை பியூஸ் எரிந்துபோகவே, மூன்றாம் முறை அதன்மேல் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தனர்! டிரான்ஸ்பார்மர் தொடவொண்ணாத சூட்டோடு வார்னிஷ் நாற்றம் வீசியது. பியூஸ் எரிவது நோயன்று. நோயை அறிவிக்கும் குறி. அதனை அடைப்பவன் காவலனைக் கட்டிப்போட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பவனாவான்.

முதற்கண் செய்யத்தக்கது பிளக்கைப் பிடுங்குதல். அதன்பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். 4700 மைக்ரோபாரடு கண்டென்சரின் இரு முனைகளையும் 1000 ஓம் மின்தடையால் இணைத்தால் ஏறத்தாழ 25 வினாடியில் அது வடிந்துவிடும். பழைய வால்வுக் கருவிகளில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்பதுண்டு. அஃது உயிருக்கே ஊறு செய்வதாகும்.

அடுத்துத் தக்க அளவுள்ள புதிய பியூஸை இட்டு, மின்வழியில் 60 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடராக இணைத்தோம். கருவி செம்மையாயின் விளக்கு ஒருகணம் மின்னி மங்கும். உள்ளே குறுக்கிணைப்பு இருப்பின் ஒளி குன்றாது நிற்கும். எமக்கு அது குன்றாதே நின்றது. ஒலிபெருக்கும் பகுதியைக் கழற்றினோம், அப்போதும் மாற்றமில்லை. ஆகவே பழுது பவர் சப்ளையிலேயே உள்ளதென்பது தெளிவாயிற்று. டிரான்ஸ்பார்மரின் இரண்டாஞ்சுற்றிலிருந்து டையோடுகளைப் பிரித்தோம், விளக்கு மங்கியது. எனவே டிரான்ஸ்பார்மர் பிழைத்தது.

எஞ்சியவை நான்கு டையோடுகள். நல்ல டையோடு மல்டிமீட்டரில் ஒருபுறம் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும், மறுபுறம் வழிவிடாது. ஒன்றுமட்டும் இருபுறமும் சுழியைக் காட்டிற்று. அவை 1 ஆம்பியர் தாங்கும் சிறு டையோடுகள். நான்கையும் நீக்கி 3 ஆம்பியர் டையோடுகள் வைத்தோம். விளக்கு மின்னி மங்கியது.

விளக்கை நீக்கி அளந்தோம். 12 வோல்ட் மாற்று மின்சாரத்தின் உச்சம் ஏறக்குறைய 17. இரு டையோடுகளில் 1.4 கழிய, 15.6 வோல்ட் எதிர்பார்க்கத்தக்கது. அதுவும் கிடைத்தது. ஆயினும் ஒலிபெருக்கும் பகுதியை இணைத்தவுடன் முரல் மீண்டது! ஒலிக்குமிழை முற்றும் தணித்தும் அஃது அடங்கவில்லை. குமிழோடு கூடிக்குறையும் முரலாயின் உள்ளீட்டுக் கம்பியை ஐயுறலாம். குமிழுக்கு அடங்காததாயின் பவர் சப்ளையையே ஐயுற வேண்டும். சுமையின்றி அளந்த வோல்ட் நம்பத்தகுந்த சாட்சியன்று என்பதும் இங்கே விளங்கும்.

குற்றவாளி கண்டென்சரே. பழைய கருவியொன்றிலிருந்து எடுக்கப்பட்டு, சூடேறிய டிரான்ஸ்பார்மரின் அருகே இருந்தமையால் அதன் தலை புடைத்து, உள்ளிருந்த நீர்மம் வறண்டிருந்தது. வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் இத்தகைய கண்டென்சரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பர். 1 ஆம்பியர் இழுக்கும்போது, 4700 மைக்ரோபாரடு கண்டென்சரில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 2 வோல்ட்டே. அது வறண்டு 1000 ஆகிவிட்டால் 10 வோல்ட் ஆகும். வினாடிக்கு 100 முறை எழுந்துவிழும் அவ்வலையே செவியில் முரலாக ஒலித்தது. முனை மாறாமல் புதிய கண்டென்சரை இணைத்து, டிரான்ஸ்பார்மரினின்றும் தள்ளி வைத்தோம். இரும்புப் பெட்டியை மூன்றாம் முனைவழியே நிலத்தோடும் இணைத்தோம். முரல் நின்றது.

பிழை எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்று எண்ணற்க. சுமை மிகுந்த நேரத்தில் 230 வோல்ட் 180 ஆகத் தாழ்ந்தால், மேற்சொன்ன 15.6 வோல்ட் 12க்குக் குறைந்து, ஒலியின் வலிமை பாதிக்குச் சற்று மேலாகவே எஞ்சும். ஆதலின் சுவரிலுள்ள பிளக்கையும் அளந்தறிதல் நன்று.

அன்றிரவு செய்தி தொடங்கியது. முதியவர் செவியைச் சாய்த்துச் சிறிதுநேரம் கேட்டார். பின்னர்ப் பேரரை நோக்கி, ஒலியைச் சற்றுக் குறைக்குமாறு கையசைத்தார். மாணாக்கர் செம்புக் கம்பியை எடுத்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், மறவாதிருத்தற்பொருட்டு என்றார்.

நண்பர்களே! ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வோர் அளவாக அளந்து, ஐயத்தை ஒரு மூலைக்கு ஒதுக்குவதே பழுது காணும் கலை. அவசரத்தால் பியூஸை அடைத்தவர்க்கு வழிகாட்டியது பொறுமையேயன்றிப் பெருங்கல்வியன்று.