பனியில் ஓடும் புரொப்பெல்லர் வண்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சறுக்குப்பலகைகள் மீது அமர்ந்து, பின்புறம் சுழலும் புரொப்பெல்லர் காற்றைப் பின்னோக்கித் தள்ளுவதால் முன்னேறும் பனிவண்டியை ரஷ்யர்கள் ‘ஏரோசானி’ என்று அழைக்கிறார்கள். பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சினைக் கொண்டு இத்தகைய வண்டியை வீட்டிலேயே கட்டும் ஆர்வம் ரஷ்யாவில் நெடுங்காலமாக உண்டு. ‘மொதெலிஸ்ட் கன்ஸ்த்ருக்தர்’ என்னும் சோவியத் இதழ் அதற்கான வரைபடங்களையே வெளியிட்டு வந்தது. சக்கரம், கியர்பெட்டி, பட்டைச்சங்கிலி எதுவும் தேவைப்படாத எளிய வண்டியாகத் தோன்றுவதால், அதைச் சுற்றித் தவறான நம்பிக்கைகளும் எளிதில் படிந்துவிட்டன. அவற்றுள் சில பணத்தை விழுங்குபவை, சில உயிரையே வாங்கக்கூடியவை.

நம்பிக்கை 1: இது ராணுவத்துக்காகப் பிறந்த கண்டுபிடிப்பு.

உண்மை: ராணுவம் இதைப் பயன்படுத்தியது உண்மையே என்றாலும், தொடக்கம் அங்கே இல்லை. பின்னாளில் விமானத்துறையில் புகழ்பெற்ற இகோர் சிகோர்ஸ்கி 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கீவ் நகரில் இத்தகைய வண்டிகளைக் கட்டி ஓட்டினார். 1919இல் இதற்கென்றே சோவியத் அரசு அமைத்த ‘கோம்பாஸ்’ ஆணையத்தில் விமான வடிவமைப்பாளர் ஆந்திரே துப்போலெவ் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய காஸ்–98 வண்டிக்குக்கூட காஸ்–எம்1 காரின் 50 குதிரைத்திறன் எஞ்சினே பொருத்தப்பட்டது. கனடாவின் கியூபெக் மாநிலத்து வால்கூர் என்னும் ஊரிலோ, 15 வயதுச் சிறுவனான ஜோசப்–ஆர்மான் பொம்பார்டியே 1922 டிசம்பர் 31 அன்று ஃபோர்டு மாடல் டி எஞ்சினையும் மரப் புரொப்பெல்லரையும் சறுக்குவண்டியில் பொருத்தி, ஊர்த்தெருவிலேயே ஓட்டிக் காட்டினான்.

நம்பிக்கை 2: எஞ்சின் பெரிதாக இருந்தால் வண்டி தானாகவே ஓடும்.

உண்மை: வண்டியை நகர்த்துவது எஞ்சினின் திறன் அன்று, அந்தத் திறனைக் கொண்டு புரொப்பெல்லர் உண்டாக்கும் உந்துவிசையே ஆகும். குறைந்த அளவு காற்றை மிக வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மிதமான வேகத்தில் தள்ளுவதே சிக்கனமானது என்பதால், ஒரே புரொப்பெல்லரிலிருந்து இரு மடங்கு உந்துவிசை பெற விரும்புபவர் ஏறக்குறைய 2.8 மடங்கு திறனைச் செலவிட வேண்டியிருக்கும். 50 குதிரைத்திறன் எஞ்சினும் 1.5 மீட்டர் விட்டமுள்ள, நன்கு செய்த புரொப்பெல்லரும் சேர்ந்து, வண்டி நிற்கும் நிலையில் சுமார் 140 கிலோ உந்துவிசை தரும். அதே எஞ்சினுக்கு 1.8 மீட்டர் புரொப்பெல்லரைப் பொருத்தினால், எரிபொருள் கூடாமலே உந்துவிசை எட்டில் ஒரு பங்கு உயரும்.

நம்பிக்கை 3: புரொப்பெல்லரை எஞ்சின் தண்டிலேயே நேராக முடுக்கிவிடலாம்.

உண்மை: கார் எஞ்சின் தன் முழுத்திறனைத் தருவது நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளை ஒட்டிய வேகத்தில்தான். அந்த வேகத்தில் 1.5 மீட்டர் புரொப்பெல்லரின் இறக்கை நுனி விநாடிக்கு 393 மீட்டர் செல்லும். உறைகுளிரில் ஒலியின் வேகமும் குறைந்துவிடுவதால், மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் அது விநாடிக்கு 319 மீட்டர்தான். ஒலியை முந்தும் நுனி பேரிரைச்சலை எழுப்பித் திறனை வீணாக்குவதோடு, இறக்கை முறியும் அளவுக்கு அழுத்தத்தையும் ஏற்றுகிறது. எனவே சுற்றுகளைப் பாதியாகக் குறைக்கும் பல்பெல்ட் அல்லது பல்சக்கர அமைப்பு இடையில் வந்தாக வேண்டும். புரொப்பெல்லர் தன் அச்சின் திசையில் ஓயாமல் தள்ளும் விசையைத் தாங்கக் கார் எஞ்சினின் கிராங்க்‌ஷாஃப்ட் வடிவமைக்கப்படவில்லை. அந்தச் சுமையை ஏற்கும் பேரிங்குகளும் இந்த அமைப்பிலேயே இடம்பெறுகின்றன.

நம்பிக்கை 4: சுற்றிலும் பனி இருக்க, ரேடியேட்டர் எதற்கு?

உண்மை: சமதளச் சாலையில் சீராக ஓடும் கார் தன் எஞ்சின் திறனில் சிறு பங்கையே பயன்படுத்துகிறது, புரொப்பெல்லர் வண்டியின் எஞ்சினோ முழுத்திறனை ஒட்டியே நீண்ட நேரம் உழைப்பதால், வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் அதன் வெப்பம் வெளியேற வழி வேண்டும். கார்பரேட்டருக்குள் பனிக்கட்டி படியும் தொல்லையும் கடுங்குளிரைவிட, ஈரப்பதம் மிகுந்து வெப்பநிலை சுழியத்தை ஒட்டியிருக்கும் நாள்களில்தான் அதிகம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் புகைக்குழாயைச் சுற்றி வெதுவெதுப்பான காற்றை எடுத்து எஞ்சினுக்கு ஊட்டுகிறார்கள். குளிரால் ஒரு நன்மையும் உண்டு: மைனஸ் 20 டிகிரிக் காற்று, 20 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 16 சதவீதம் அடர்த்தியானது என்பதால் புரொப்பெல்லருக்கு நல்ல பிடிமானம் கிடைக்கிறது.

நம்பிக்கை 5: எந்தப் பனியிலும் எந்த மேட்டிலும் இது ஏறிவிடும்.

உண்மை: சறுக்குப்பலகை வழுக்குவதற்கு உராய்வின் சூட்டில் உருவாகும் மெல்லிய நீர்ப்படலம் உதவுகிறது, கடுங்குளிரில் அந்தப் படலம் மெலிந்துவிடுவதால், பனி மணலைப் போல இழுத்துப் பிடிக்கத் தொடங்குகிறது. 500 கிலோ எடையுள்ள வண்டி 10 டிகிரிச் சரிவில் ஏறப் புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் 87 கிலோ விசை வேண்டும். உராய்வுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் தேவை 137 கிலோவாகிவிடும். அதாவது, மேலே கண்ட 140 கிலோ உந்துவிசை முழுவதும் அந்தச் சிறு சரிவிலேயே தீர்ந்துபோகும். உறைந்த ஆறுகளும் ஏரிகளுமே இந்த வண்டிக்கு உரிய தளம் என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

நம்பிக்கை 6: கம்பிக்கூண்டு போட்டுவிட்டால் ஆபத்து நீங்கிவிடும்.

உண்மை: கூண்டு கைகளையும் உடைகளையும் இறக்கையிலிருந்து தள்ளிவைக்கும், ஆனால் முறிந்து பறக்கும் இறக்கையை மெல்லிய கம்பியால் தடுக்க இயலாது. அச்சிலிருந்து அரை மீட்டர் தொலைவில் உள்ள அரைக் கிலோ துண்டு ஒன்று, நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில் சுமார் 1.7 டன் விசையோடு வெளிநோக்கி இழுக்கிறது. வீட்டில் செதுக்கிய இறக்கையின் பசை இணைப்பும் மரத்தின் நார்களும் ஒவ்வொரு கணமும் அந்த இழுப்பைத் தாங்கியாக வேண்டும். ஓர் இறக்கையில் மட்டும் பனிக்கட்டி படிந்தாலே சமநிலை கெட்டு எஞ்சின் தாங்கிகள் அதிரும். எனவே சுழற்சித் தளத்துக்கு நேரே பக்கவாட்டில் எவரும் நிற்கலாகாது என்பது மாற்ற முடியாத விதி. எஞ்சினை அணைத்தவுடன் வண்டி நின்றுவிடுவதும் இல்லை. பலகைக்கு அடியில் இறங்கிப் பனியைக் கீறும் பல்லுள்ள பிரேக்கை முதல் ஓட்டத்துக்கு முன்பே பொருத்தியிருக்க வேண்டும்.

சிறுவன் பொம்பார்டியேவின் வண்டியைக் கண்ட தந்தை, திறந்திருந்த அந்தப் புரொப்பெல்லரின் ஆபத்தை உணர்ந்து அதைக் கழற்றிவிடும்படி ஆணையிட்டார். மகனும் காற்றை விட்டுப் பனியையே பற்றி ஓடும் பட்டைச்சங்கிலியின் பக்கம் திரும்பி, 1937இல் அதற்கான காப்புரிமையையும் 1959இல் ஸ்கி–டூ பனிவண்டியையும் உலகுக்குத் தந்தார். இன்று ஏரோசானி கட்ட விழைபவர்கள் அந்தத் தந்தையின் எச்சரிக்கையைத் தம் ஆர்வத்துக்கு எதிரானதாகக் கொள்ள வேண்டியதில்லை. புரொப்பெல்லர், சுற்றுக்குறைப்பு அமைப்பு, பிரேக், கூண்டு ஆகிய நான்கிலும் பணத்தையும் உழைப்பையும் முதலில் செலவிட்டு, எஞ்சினைக் கடைசியாகத் தேர்ந்தெடுப்பவரே தமக்கும் பனிவெளியில் எதிர்ப்படும் பிறருக்கும் தீங்கிழைக்காத வண்டியைக் கட்டி முடிப்பார்.