ஐந்து பேரிடம் ஒரு சாவி

நிறுவனத்தின் பேக்கப் முழுவதையும் திறக்கும் குறியாக்கச் சாவியைக் காக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறதா? ஒருவரிடமே விட்டால், அவர் திடீரென இல்லாமல் போகும் நாளில் சாவியும் இல்லை. ஐவருக்கு நகல் கொடுத்தால், ஒருவர் ஏமாந்தாலே எல்லாம் போயிற்று. பாதியாக வெட்டி இருவரிடம் கொடுப்பது இன்னும் மோசம்: திருடுபவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும், ஒரு பாதி தொலைந்தால் உங்களுக்கு மொத்தமும் போய்விடும்.

1979-இல் ஆதி ஷமிர் சொன்ன வழி அழகானது. ரகசிய எண்ணை ஒரு வளைகோட்டில் ஒளித்து, கோட்டின் மேலுள்ள ஐந்து புள்ளிகளை ஐவருக்குத் தருகிறோம். எந்த மூவர் கூடினாலும் கோடு கிடைத்துவிடும், ரகசியமும் வெளிவரும். இருவர் மட்டும் சேர்ந்தால், எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் துளி தகவல்கூடக் கிடைக்காது.

கணக்கை மென்பொருள் செய்துவிடும். ஹாஷிகார்ப் வால்ட் இயல்பாகவே ஐந்து பங்காக்கி, மூன்றைக் கேட்கிறது. ஆட்களைத் தேர்வதுதான் உங்கள் வேலை. ஒரே மேலாளரின் கீழ் மூவர் கூடாது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் சாவி கூடிவிடும். வெளியாள் ஒருவராவது இருக்கட்டும். இணையப் பெயர் அமைப்பின் வேர்ச் சாவிக்கான மீட்புப் பங்குகள், அதை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் ஊழியரல்லாத ஏழு பேரிடம் இருக்கின்றன. ஐவர் சேர வேண்டும்.

பலரும் கவனிக்காத ஓட்டை, பிரிக்கும் தருணம். அப்போது முழு ரகசியமும் ஒரே கணினியில், ஒருவர் கண்முன் இருக்கிறது. இணையம் துண்டித்த கணினியில், சாட்சிகளை வைத்துச் செய்யுங்கள். பங்கு பெறுபவரின் பிஜிபி பொதுச் சாவியை முன்பே வாங்கிக்கொண்டால், அவரவர் பங்கு பூட்டியபடியே வெளிவரும். பிரித்தவரால் படிக்க முடியாது.

ஒருவர் வேலையை விட்டால் அவர் பங்கைத் திரும்ப வாங்கியதோடு நிறுத்தாதீர்கள். அவர் நகல் வைத்திருக்கலாம். அதே ரகசியத்தை மறுபடி பிரித்தாலும் பழைய பங்குகள் மூன்று கூடினால் திறக்கும். சாவியையே மாற்றுங்கள்.

ஒத்திகை அவசியம். 2020 பிப்ரவரியில் பெட்டகப் பூட்டு திறக்காததால், வேர்ச் சாவியைப் பயன்படுத்த ஐகான் நடத்தும் நிகழ்வே தள்ளிப்போனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூவரை அழைத்துச் சோதனைப் பேக்கப் ஒன்றைத் திறந்து பாருங்கள். அடுத்த முறை விடுபட்ட இருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்; இரண்டே சுற்றில் ஐந்து பங்கும் சரிபார்க்கப்பட்டுவிடும்.