ஆஸ்பத்திரி நாட்களைக் கணிப்பவளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

நோயாளி எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று கணிக்கும் உன் ப்ராஜெக்ட்டைப் படித்தேன். முதல் தடவையிலேயே கணிப்பு பிரமாதமாக வந்துவிட்டதாமே? எனக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது.

நீ எடுத்திருப்பது மிமிக்-3. பாஸ்டன் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் 2001 முதல் 2012 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களின் பதிவுகள். அதிலுள்ள நோய்க் குறியீடுகளை மாடலுக்குக் கொடுத்திருக்கிறாய். அவை பில் போடுவதற்காக, நோயாளி டிஸ்சார்ஜ் ஆன பிறகு எழுதப்பட்டவை. தங்கியிருந்தபோது வந்த கிருமித் தொற்றுகூட அதில் ஏறியிருக்கும். விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை மாதிரிதான் உன் மதிப்பெண். அட்மிஷனின்போது எழுதிய முதற்கட்ட நோய்க்குறிப்பு அதே தரவில் தனியாக இருக்கிறது; அதை எடுத்துக்கொள். அட்மிஷனாகி 24 மணி நேரத்தில் கணிக்கிறாய் என்றால், அந்த நேரத்தில் வார்டு டாக்டருக்குத் தெரிந்திருக்கக்கூடியது மட்டும்தான் உனக்கும் தெரியலாம்: வயது, அவசரமாக வந்தாரா, முன்பே நாள் குறித்த ஆபரேஷனுக்கு வந்தாரா, முதல் நாள் ரத்தப் பரிசோதனை, வென்டிலேட்டர் வைத்தார்களா என்பவை.

வயது என்றதும் ஞாபகம் வருகிறது. சிலருக்கு 300 வயது என்று கணக்கு வரும், பயந்துவிடாதே. 89ஐத் தாண்டியவர்களை யாரும் அடையாளம் காணாதிருக்கப் பிறந்த தேதியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அட்மிஷன் தேதிகளும் 2100க்கு அப்பால்தான் கிடக்கும். ஆனால் கிழமை மாறாது. ஒருவருடைய இரண்டு தேதிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் மாறாது.

இறந்தவர்களை என்ன செய்தாய்? இரண்டாம் நாள் குணமாகி வீட்டுக்குப் போனவருக்கும் இரண்டாம் நாள் இறந்தவருக்கும் உன் அட்டவணையில் ஒரே எண்தான். கவனிக்காமல் விட்டால், மிக மோசமான நிலையில் வந்தவர் சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்று மாடல் கற்றுக்கொள்ளும்.

இது சுலபமான வேலை இல்லை. 2011இல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் நிறுவனம் 30 லட்சம் டாலர் பரிசு அறிவித்து, இன்சூரன்ஸ் பதிவுகளை வைத்து அடுத்த ஆண்டில் ஒருவர் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடப்பார் என்று கணிக்கச் சொன்னது. 2013இல் போட்டி முடிந்தபோது அவர்கள் கேட்ட துல்லியத்தை ஒருவரும் தொடவில்லை. முதலிடம் பிடித்த அணிக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததை மட்டும் நிதானமாகப் படி. இன்னும் 48 மணி நேரத்தில் யார் வீட்டுக்குப் போகக்கூடும் என்று கணித்து, அவர்களுக்கு டிஸ்சார்ஜ் ஏற்பாடுகளைச் செய்து தரும் பணியாளர்களை முதலில் அனுப்புவது திட்டம். நோயாளியின் அஞ்சல் குறியீட்டைச் சேர்த்ததும் கணிப்பு மேம்பட்டது. ஆனால் அதிக நாள் தங்குவோர் வசித்த பகுதிகள் பெரும்பாலும் ஏழைகள், கறுப்பின மக்களின் பகுதிகள். திட்டம் அப்படியே நடந்திருந்தால் உதவி வசதியான வெள்ளையர்களுக்கு முதலில் போயிருக்கும். உதவி இல்லாததாலேயே படுக்கையில் கிடப்பவருக்குக் கடைசியில்தான் போயிருக்கும். நல்லவேளை, நடைமுறைக்கு வரும் முன்பே அவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். கணக்கில் பிழையே இல்லை, பார்த்தாயா! தங்கும் நாள் என்பது நோயின் கடுமை மட்டுமில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, இன்சூரன்ஸ்காரர் ஒப்புதல் தந்தாரா, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்ததா எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே உன் கணிப்பு யார் கைக்குப் போய் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடு.

இன்னொன்று. வாரக்கணக்கில் தங்கும் சிலர் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள். நாட்களின் மடக்கையை எடுத்து ஓட்டிப் பார். பக்கத்திலேயே, எல்லாருக்கும் இடைநிலை நாளையே சொல்லும் ஒரு மக்கு மாடலையும் வை. முதல் 24 மணி நேரத் தகவலோடு உன் மாடல் அதை எவ்வளவு முந்துகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

அன்புடன்,
அத்தை