வெள்ளைத் தங்கமும் தோல் ஒவ்வாமையும்: நகை செய்யக் கொடுக்குமுன் அறிய வேண்டியவை

மோதிரம் அணிந்த விரலில் மட்டும் அரிப்பும் சிவப்பும். தோடு அணிந்த காதுமடலில் நீர்க்கசிவு. கடிகாரப் பட்டைக்கு அடியில் தடித்த தோல். தோல் மருத்துவரிடம் வருவோர் பலர் கூறும் குறைகள் இவை. "தங்க நகைதானே, அது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?" என்னும் ஐயமும் உடன் எழுகிறது. பெரும்பாலும் தோலை வருத்துவது தங்கம் அன்று. தங்கத்தோடு கலக்கப்பட்ட நிக்கல்.

தங்கம் வெண்மையாவது எப்படி?

தூய தங்கம் மஞ்சள் நிறமுடையது, மென்மையானது. அதன் மஞ்சளை மறைக்கும் ஆற்றல் பெற்ற உலோகங்களைச் சேர்த்து உருக்கினால் வெள்ளைத் தங்கம் கிடைக்கிறது. அவ்வாற்றலில் சிறந்தவை நிக்கலும் பல்லேடியமும் ஆகும். 18 காரட் நகையில் 75 விழுக்காடு தங்கம். எஞ்சிய 25 விழுக்காட்டில் நிக்கலோ பல்லேடியமோ, அவற்றுடன் செம்பு, வெள்ளி, துத்தநாகம் ஆகியவற்றுள் சிலவோ இருக்கும். 14 காரட் நகையில் தங்கம் 58.5 விழுக்காடே, ஆதலால் பிற உலோகங்களின் பங்கு அதில் இன்னும் மிகுதி.

நிக்கல் தோலில் செய்வது என்ன?

வியர்வையிலுள்ள உப்பு நகையின் மேற்பரப்பிலிருந்து நிக்கலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் தோலினுள் புகுந்து புரதங்களோடு இணைகிறது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதனைப் பகையென ஒருமுறை பதிவு செய்துகொண்டால், அப்பதிவு பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும். அதன்பின் நிக்கல் பட்ட ஓரிரு நாள்களில் அந்த இடத்தில் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். காது, மூக்கு குத்திய புதுப்புண்ணில் நிக்கல் கலந்த நகையை அணிவது இவ்வொவ்வாமை தொடங்குவதற்கு முக்கியமான வழியாகும்.

"இந்த மோதிரத்தை ஆண்டுக்கணக்கில் அணிந்திருந்தேன், இப்போது மட்டும் ஏன்?" என்று சிலர் வினவுவர். வெள்ளைத் தங்க நகைகள் பலவற்றின்மீது பளபளப்புக்காக ரோடியம் என்னும் உலோகம் மெல்லிய பூச்சாக இடப்படுகிறது. அப்பூச்சு உள்ளவரை நிக்கல் தோலைத் தொடுவது குறைவு. உராய்வினால் அது தேய்ந்தபின் அடியிலுள்ள கலவை நேரே தோலைத் தொடுகிறது. மீண்டும் பூச்சு இடலாம். ஆயினும் அது தற்காலிகத் தீர்வே.

ஐரோப்பிய ஒன்றியம் 1994-ஆம் ஆண்டிலேயே இதற்கு விதி வகுத்தது. அங்கு, தோலில் நெடுநேரம் படும் பொருளின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்திற்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரலாகாது. துளையில் அணியும் நகைக்கு இவ்வரம்பு 0.2 மைக்ரோகிராம்.

பல்லேடியம் கலந்த வெள்ளைத் தங்கம்

பல்லேடியம் பிளாட்டினத்தின் குடும்பத்தைச் சேர்ந்த உலோகம். 1802-இல் இங்கிலாந்தில் வொல்லாஸ்டன் என்னும் வேதியியலாளர் இதனைக் கண்டறிந்தார். இது கலந்த தங்கம் சற்றே சாம்பல் சாயல் கொண்டது. வளைக்கவும் கல் பதிக்கவும் இசைவானது. நிக்கல் கலந்த தங்கமோ கடினமானது, கல்லை இறுகப் பற்றும், விலையும் குறைவு. பல்லேடியத்தின் உருகுநிலை 1,555 பாகை செல்சியஸ். தங்கத்தின் உருகுநிலையோ 1,064 பாகையே. ஆகவே இக்கலவையை உருக்கிச் செய்வதற்கு மிகுந்த வெப்பமும் தேர்ந்த கைத்திறனும் வேண்டும்.

நிக்கல் ஒவ்வாமை உடையோர் பலர்க்கு இது பாதுகாப்பான மாற்று. எனினும் எல்லோர்க்கும் என்று கூறவியலாது. நிக்கல் ஒவ்வாமை உடையவர்களுள் சிலர்க்குத் தோல் பரிசோதனையில் பல்லேடியத்திற்கும் எதிர்வினை தென்படுகிறது. அத்தகையோர் பிளாட்டினம், டைட்டானியம் ஆகியவற்றைக் குறித்து மருத்துவரிடம் கலந்துகொள்வது நன்று.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டு ஹால்மார்க் முத்திரையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், தூய்மை அளவு, ஆறு இலக்க அடையாளக் குறியீடு ஆகியன இருக்கும். 750 என்றால் 18 காரட். 585 என்றால் 14 காரட். தங்கம் எவ்வளவு என்பதை இம்முத்திரை உறுதி செய்கிறது. எஞ்சிய உலோகம் எது என்பதை அது கூறாது. முத்திரையுள்ள நகையிலும் நிக்கல் இருக்கலாம். அதனை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

நகை செய்யக் கொடுக்கும்போது

• "வெண்மைக்காகச் சேர்ப்பது நிக்கலா, பல்லேடியமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். நிக்கல் இல்லாத கலவை என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.
• தோட்டின் தண்டு, திருகாணி, சங்கிலியின் கொக்கி, பற்றவைக்கும் பொடி ஆகியவற்றிலும் நிக்கல் இருத்தலாகாது.
• குழந்தைக்குக் காது குத்தும்போது, புண் ஆறும்வரை அணிவிக்கும் முதல் நகை நிக்கல் அற்றதாக இருக்கட்டும்.
• பழைய நகையைப் பற்றி ஐயமிருப்பின், டைமெத்தில் கிளையாக்சைம் என்னும் வேதிப்பொருளால் சோதிக்கலாம். அதில் நனைத்த பஞ்சினால் துடைக்கும்போது, நிக்கல் வெளிப்பட்டால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ரோடியம் பூச்சு தேயாத நகையில் இச்சோதனை உண்மையை மறைக்கக்கூடும்.

மருத்துவரிடம் வருதல்

மோதிரத்தின் அடியில் தங்கும் சோப்பும் ஈரமும்கூட இதே போன்ற புண்ணை உண்டாக்கும். ஆகவே நகையை மாற்றுமுன் காரணத்தை அறிதல் வேண்டும். ஒட்டுப் பரிசோதனையில் உலோக உப்புகள் அடங்கிய சிறு ஒட்டுகளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து அகற்றி, அன்றும் அதன்பின் ஓரிரு நாளிலும் பார்ப்பார்கள். வரும்போது ஐயத்திற்குரிய நகையையும் உடன் கொண்டுவாருங்கள். அதுவரை அந்நகையைக் கழற்றி வையுங்கள். கடையில் தாமாக வாங்கிய களிம்பினைப் பூச வேண்டா. புண்ணில் சீழோ வீக்கமோ காய்ச்சலோ தோன்றினால் காலம் தாழ்த்தாது வாருங்கள்.

திருமண மோதிரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மனம் வருந்த வேண்டுவதில்லை. அதே வடிவத்தில், உங்கள் தோலுக்கு ஒத்த கலவையில், அதனைப் புதிதாகச் செய்து அணியலாம்.