பட்டு நூலும் பழுதடைந்த இதயமும்

பட்டு என்றால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக் காஞ்சிபுரம் நினைவுக்கு வரும். எனக்கோ மூன்று ஆண்டுகளாக இதயம்தான் நினைவுக்கு வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

கரக்பூர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாள் விடியற்காலையில் மார்பில் பாரம், இடது தோளில் வலி. "டாக்டரிடம் போகலாம், வாங்க" என்றாள் மனைவி. வாயுத் தொல்லை என்று சொல்லி, சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். மருத்துவமனைக்குப் போகும்போது ஆறு மணி நேரம் கடந்துவிட்டது. அடைப்பை நீக்கினார்கள், பிழைத்தேன். ஆனால் டாக்டர் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: "செத்துப்போன தசை இனித் திரும்ப வராது, ஐயா."

ஏன் வராது? தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்கிறது. இதயத் தசைச் செல்கள் அப்படியல்ல. வளர்ந்தவர்களுக்கு ஆண்டொன்றுக்கு அவற்றில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் புதிதாகத் தோன்றுகின்றன. பெரிய மாரடைப்பு ஒன்றில் சுமார் 100 கோடி செல்கள் வரை மடியலாம். அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு சுவரைத் தாங்குமே தவிர, சுருங்கி விரியாது. அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் மற்ற தசைகள் நாளடைவில் களைத்துவிடுகின்றன.

வேகனின் அடித்தட்டு துருப்பிடித்தால் நாங்கள் தகடு வைத்து வெல்டிங் செய்வோம். ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்துக்கு விறைப்பான ஒட்டு ஆகாது. அதற்கு வேண்டியது கொத்தனார் கட்டும் சாரம் போன்ற ஒன்று. அது வளைந்து கொடுக்க வேண்டும். புதுச் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளர வேண்டும். வேலை முடிந்ததும் அது மெல்லக் கரைந்து போக வேண்டும்.

இங்கேதான் பட்டு வருகிறது. அறுவை சிகிச்சையில் தையல் போட நெடுங்காலமாகப் பயன்படும் நூல் அது. பட்டு இழையின் உள்ளே ஃபைப்ராயின் என்ற புரதமும், வெளியே செரிசின் என்ற பசையும் உள்ளன. சோடா உப்பு நீரில் கொதிக்க வைத்துப் பசையை நீக்கி, மிஞ்சும் ஃபைப்ராயினைப் பஞ்சு போலவோ மெல்லிய ஏடாகவோ செய்யலாம். உடலுக்குள் அது சிறிது சிறிதாகச் சிதைந்துவிடும்.

நம் ஊர் கரக்பூருக்கும் இதில் பங்கு உண்டு. இங்குள்ள ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சுபாஸ் குண்டு குழுவினரும், ஜெர்மனியின் பாட் நௌஹைம் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் சேர்ந்து 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மல்பெரிப் பட்டை அல்ல, டஸ்ஸர் பட்டை. செல்கள் பிடித்துக்கொள்ளக் கொக்கி போல உதவும் மூன்று அமினோ அமிலங்களின் தொடர் ஒன்று டஸ்ஸரில் இயற்கையாகவே இருக்கிறது. மல்பெரிப் பட்டில் இல்லை. டஸ்ஸர் மேல் வைத்த எலியின் இதயச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, சுமார் 20 நாட்கள் ஒரே தாளத்தில் துடித்தன.

இன்னும் தடைகள் பல. கோடிக்கணக்கான மனிதச் செல்கள் வேண்டும். கனமான ஒட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஓட வேண்டும். புதுத் தசை பழைய தசையின் தாளத்தோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் துடிப்பே தடுமாறும். ஆகவே இது வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. "பட்டு மருந்து" என்று யாராவது விற்க வந்தால் ஏமாற வேண்டாம்.

என் பேரன் காலத்தில் வரலாம். அதுவரை நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். மார்பில் பாரமா, கஷாயம் வைக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். ரயில் தாமதமானால் அடுத்ததைப் பிடிக்கலாம். நான் இழந்த அந்த ஆறு மணி நேரத்தை எந்தப் பட்டாலும் இன்று திருப்பித் தர முடியாது.